சுட்ட மண்ணில் 792 அடி

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கில், பிராட்வே தெருவில், நகர மன்றப் பூங்காவுக்கு எதிரே வுல்வொர்த் கட்டடம் நிற்கிறது. உயரம் 792 அடி. 1913 ஏப்ரல் 24 அன்று அதிபர் வில்சன் வாஷிங்டனில் இருந்தபடியே பொத்தானை அழுத்த, இங்கே விளக்குகள் எரிந்தன. ஈஃபிள் கோபுரத்தைச் சேர்க்காவிட்டால், 1930 வரை உலகத்தின் உயரமான கட்டடம் இதுதான்.

கூரிய வளைவுகளையும் சிறு கோபுரங்களையும் பார்த்தால் மாதா கோயில் என்றே தோன்றும். கட்டியவரோ கடைக்காரர். ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளை ஊர் ஊராகத் திறந்த ஃபிராங்க் வுல்வொர்த். செலவான 1 கோடியே 35 லட்சம் டாலரையும் கடன் வாங்காமல் ரொக்கமாகவே கொடுத்தார்.

எல்லோரும் இதைக் கல் கட்டடம் என்பார்கள். தெருவை ஒட்டிய கீழ்த்தளங்கள் சுண்ணாம்புக்கல்தான். அதற்கு மேல் கண்ணில் படுவதெல்லாம் சுட்ட மண். பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். மண் அதற்கு மேல் தோல், அவ்வளவுதான். இதை இன்னொரு தரமும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இது. முதலில் சிற்பி ஒரு மாதிரி செய்வார். களிமண் காய்ந்து வெந்தால் சுருங்குமே, அதனால் மாதிரியை அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் பெரிதாகவே செய்ய வேண்டும். அதிலிருந்து பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்து, உட்புறம் களிமண்ணைக் கையால் அழுத்தி அப்புவார்கள். முழுக்கட்டியாக நிரப்பினால் வேகும்போது வெடிக்கும்; ஆகவே ஒவ்வொரு துண்டும் உள்ளே கூடுதான். உலர்ந்ததும் பீங்கானுக்குப் பூசுகிற அதே கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சூளையில் அடுக்குவார்கள். வெந்து வந்த துண்டுக்கு எண் போட்டு, இரும்புக் கொக்கியால் சட்டகத்தோடு மாட்டுவார்கள்.

கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். உயரம் போகப்போக வேலைப்பாட்டைப் பெரிதாக்கினார், முரடாக்கினார். அலங்காரத்தின் பின்புலத்தில் நீலம், பச்சை என்று வண்ணம் கொடுத்தார். கீழே நிற்கிறவனுக்கு நிழல் ஆழமாகத் தெரியும். நுணுக்கத்தைக் கொண்டுபோய் ஐம்பதாவது மாடியில் வைத்து என்ன பயன்?

இனிதான் வினை. சுட்ட மண்ணுக்குத் தண்ணீர் எதிரி இல்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வர முடியாததுதான் எதிரி. துண்டுகளுக்கு நடுவே உள்ள சாந்து விரிசல் விடும், மழை இறங்கும். கண்ணாடிப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. குளிரில் அது உறையும்போது பூச்சு செதிலாகத் தெறிக்கும். கொக்கி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மண்ணைப் பிளக்கும். நம் வீட்டுப் பால்கனியில் காரை உதிர்ந்து கம்பி தெரிவதும் இதே காரணத்தால்தான். போதாததற்கு, மண் ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்துக் கொஞ்சம் உப்பும். எஃகோ பாரத்தில் கொஞ்சம் அமுங்கும். இடையில் இந்த அசைவுக்கு இடம் தரும் தளர்வு இணைப்பு விடாமல் போனதால், தோல் என்று சொன்னேனே, அந்த மண்ணே பாரம் சுமக்கத் தொடங்கிவிட்டது. சுமக்கச் செய்த பொருளா அது?

கெட்ட துண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் பானை வாங்குகிற மாதிரிதான்: மரச்சுத்தியால் தட்ட வேண்டும். நல்லது கணீர் என்னும், விரிசல் விட்டது சொத்தென்னும். 1970களின் கடைசியில் தொடங்கிய பழுதுபார்ப்பில் ஏறத்தாழ 26,000 துண்டுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வார்ப்புகளை மாட்டினார்கள். உச்சியின் மூலைக் கோபுரங்களை அலுமினியத் தகட்டால் மூடினார்கள். கான்கிரீட்டுக்கு அந்தப் பளபளப்பு வராது. மேலே பூசிய பூச்சும் மங்கும். என்னைக் கேட்டால், மண்ணுக்கு மண்ணே வைத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு இவ்வளவு சுடுமண் செய்து தரச் சூளைகள் அதிகம் மிஞ்சவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கீழ்த்தளக் கூடத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். கூரை முழுக்கக் கண்ணாடித் துண்டுப் பதிப்பு. தாங்கிகளில் கேலிச் சிற்பங்கள்: வுல்வொர்த் சில்லறை எண்ணுகிறார், கில்பர்ட் கட்டடத்தின் மாதிரியை அணைத்துக்கொண்டிருக்கிறார், பொறியாளர் குன்வால்ட் ஔஸ் உத்தரத்தை அளக்கிறார். மேல்தளங்கள் இப்போது குடியிருப்புகளாகிவிட்டன. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.