வள்ளத்துக்கும் முன்பாரம் பார்க்க வேண்டும்

வணக்கம் நேயர்களே.

கிளிநொச்சியில் எங்கள் அப்பப்பா வண்டியில் நெல் மூட்டை ஏற்றி முடித்ததும் உடனே மாடுகளைப் பூட்டமாட்டார். முதலில் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக மேலே வந்துவிட்டால் "பின்பாரம்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மூட்டையை முன்னுக்கு இழுப்பார். தூக்கவே முடியாவிட்டால் மாட்டின் கழுத்துக்காக ஒன்றைப் பின்னுக்குத் தள்ளுவார். பல வருடம் கழித்து டொராண்டோவிலிருந்து சிம்கோ ஏரிக்கு என் 14 அடி அலுமினிய வள்ளத்தை ட்ரெய்லரில் ஏற்றி, காரில் பூட்டி முதல் தடவையாக இழுத்துக்கொண்டு போன அன்று, அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

எஞ்சின் எப்படியும் வள்ளத்தின் பின்புறம்தான் தொங்கும். நானோ எடுக்க வசதி என்று பெட்ரோல் டாங்க், பேட்டரி, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாவற்றையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன். 400ஆம் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகம். ஒரு பெரிய லொறி கடந்து போன காற்றில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. "இஞ்சேருங்கோ, பின்னுக்கு ஆரோ பிடிச்சு ஆட்டுற மாதிரிக் கிடக்கு" என்றார் மனைவி. நான் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் கூடியது. பயத்தில் காலை எடுத்தேன் பாருங்கள், அதுதான் காப்பாற்றியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும். வேகத்தைக் கூட்டி அடக்கப் பார்க்கவே கூடாது.

ஒற்றை அச்சு ட்ரெய்லர் மாட்டு வண்டிதான். மாட்டின் கழுத்துக்குப் பதில் காரின் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரைப் பூட்டுகிற இணைப்பு. மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு ஹிட்சின் மேல் அழுத்த வேண்டும் என்பது இந்த நாட்டுக் கணக்கு. குறைந்தால் வால் ஆடும். மிஞ்சினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும், இரவில் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

வீடு திரும்பியதும் குளியலறைத் தராசை எடுத்தேன். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹிட்ச் உயரத்துக்கு மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் தராசை வைத்து ட்ரெய்லரின் மூக்கை இறக்கினேன். எஞ்சின், சாமான், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து என் பாரம் சுமார் 900 இறாத்தல் (பவுண்ட்). தராசு 90க்குக் குறையாமல் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 40.

சரி, எதை நகர்த்துவது? அச்சிலிருந்து ஹிட்ச் வரை 10 அடி. 25 லீட்டர் டாங்க் நிறைந்திருந்தால் சுமார் 45 இறாத்தல். அதை 6 அடி முன்னே வைத்தால் ஹிட்சில் அதன் பாரத்தில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 27 கூடும். 50 இறாத்தல் பேட்டரியையும் அவ்வளவு நகர்த்தினால் இன்னும் 30. முன்பிருந்த 40உம் சேர்த்து ஆக 97. ஒரு காசு செலவில்லை. பேட்டரியும் டாங்கும் ஓடும்போது பின்னுக்கு வழுக்காமல் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சாமானை நகர்த்தியும் போதாவிட்டால் வின்ச் தூணை, அதாவது வள்ளத்தைப் பட்டியால் சுற்றி இழுக்கிற கருவி நிற்கும் தூணை, சற்று முன்னே தள்ளி வள்ளத்தையே முன்னுக்குக் கொண்டுவரலாம். அப்புறம்தான் அச்சை நகர்த்துகிற வேலை. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வின்ச் பட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அது வள்ளத்தின் மூக்கை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தையும் இரண்டு பட்டிகளால் ட்ரெய்லரோடு இறுக்கிக் கட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை ஹிட்சுக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். ட்ரெய்லரின் மூக்கு கழன்றால் தரையில் குத்தாமல் அவை தாங்கும்.

இன்னொன்று, மழைத் தண்ணீர். வள்ளத்தில் 50 லீட்டர் நின்றால் 50 கிலோ, அதுவும் பின்னுக்கு ஓடிச் சேரும். வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டே இழுங்கள். அந்நியச் சிப்பிகள் ஏரிக்கு ஏரி பரவாமலிருக்க, 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் அது சட்டமும்கூட. ஆனால் ஏரிக்கரையில் இறக்குவதற்கு முன் அதைத் திரும்பப் பூட்ட மறந்துவிடாதீர்கள். அந்தக் கதையும் என்னிடம் ஒன்று இருக்கிறது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.