கூடிப் போடும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் படிக்கும் ஆசையோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் பலர், முதலாண்டு நுண்கணிதத்திலேயே நின்றுபோவது 1970-களில் சாதாரணமாக நடந்தது. அடிப்படை போதாது, ஆர்வம் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்று பேராசிரியர்கள் ஊகித்தார்கள். கலிஃபோர்னியாவின் பர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையிலிருந்த யூரி ட்ரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். ஊகங்கள் ஒன்றும் தேறவில்லை. கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் ஒழுங்காகத்தான் படித்தார்கள், ஆனால் தனியாக. மற்றவர்கள் சுமார் 14 மணி நேரம் படித்தார்கள். மாலையில் கூடி, ஒருவர் தவறை ஒருவர் திருத்தினார்கள். தனியாகப் போடுகிறவருக்கு எங்கே சறுக்கினோம் என்பது விடைத்தாள் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

அதனால் ட்ரைஸ்மன் பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு எதையும் வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் கணக்குத்தாளில்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். எளிதாக இருந்தால் கெட்டிக்கார மாணவர் ஒருவரே முடித்துவிடுவார். மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள், பேச்சே எழாது. நான்கைந்து பேர் குழு, இரண்டு மணி நேரம், ஆறேழு கணக்கு போதும். முதல் பத்து நிமிடம் அவரவர் தனியாக முயலட்டும். வழிநடத்தும் ஆய்வு மாணவர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கடினம்.

மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்தில் கறுப்பின அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கென்று 1988-இல் தொடங்கிய மெயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டமும் கூடிப் படிப்பதை வற்புறுத்துகிறது. கல்லூரி திறக்கும் முன்பே ஆறு வாரக் கோடை வகுப்பு. பிறகு ஆய்வகப் பயிற்சி. கொரோனா தடுப்பூசி ஆய்வில் பங்காற்றிய கிஸ்மெக்கியா கார்பெட் அங்கே படித்தவர்.

இதில் ஆசிரியர்களின் சிரமத்தைத்தான் பல்கலைக்கழக நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன. துறையில் கறுப்பினப் பேராசிரியர் ஒருவரே இருந்தால், கறுப்பின மாணவர்கள் அத்தனை பேரும் அவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஒவ்வொரு நிர்வாகக் குழுவுக்கும் அவரையே அழைக்கிறார்கள். பணி நிரந்தரம் பற்றி முடிவெடுக்கும் நாளிலோ கட்டுரைகளை மட்டும் எண்ணுகிறார்கள். இது அநியாயம். மாணவர் வழிகாட்டலைப் பணிநேரக் கணக்கில் எழுத்தில் சேருங்கள். அதற்கு ஈடாக அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறையுங்கள். அவர் பணியில் சேரும்போதே நியமனக் கடிதத்தில் இது இருக்க வேண்டும்.