பி.எஃப். பென்ஷனை எந்த வயதில் வாங்க ஆரம்பிப்பது?

வணக்கம் நண்பர்களே. தனியார் வேலையில் இருக்கும் நம்மில் பலருக்கு, வயதான காலத்தில் மாதாமாதம் வரப்போகும் ஒரே பென்ஷன் இ.பி.எஸ்., அதாவது பி.எஃப். கணக்கோடு சேர்ந்த ஊழியர் பென்ஷன் திட்டம். 1995 நவம்பரில் வந்தது. 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் முழு பென்ஷன். வேலையை விட்டவர்கள் 50 வயதிலிருந்தே கேட்கலாம், ஆனால் 58க்கு எத்தனை வருடம் பாக்கியோ, வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு. 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும்.

காத்திருந்தால்தான் லாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். பேப்பர் எடுங்கள், கணக்குப் போட்டே பார்ப்போம். 58ல் உங்களுக்கு 4,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 60 வரை தள்ளிப்போட்டால் சுமார் 320 ரூபாய் கூடும். ஆனால் அந்த 24 மாதத்தில் விட்ட பணம் 96,000. மாதம் 320 வீதம் அதை மீட்க 300 மாதம், அதாவது 25 வருடம். உங்களுக்கு 85 வயது ஆகியிருக்கும்! இதில் இன்னொன்று, இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. இன்றைய 320 ரூபாய்க்கு அன்றைக்கு என்ன மதிப்பு இருக்கும், யோசியுங்கள்.

அதனால் சும்மா தள்ளிப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 58க்குப் பிறகும் வேலை தொடர்ந்து, பென்ஷன் பங்களிப்பும் 60 வரை தொடர்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். சர்வீஸும் சேர்ந்து கூடுமே. அப்புறம், 58க்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்தப் பென்ஷனையும் வாங்கலாம். இது தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள்.

சரி, முன்கூட்டியே எடுப்பது? இதே ஆளுக்கு 55ல் சுமார் 3,500 வரும். மூன்று வருடம் முன்பே வாங்கிய பணத்தைப் பார்த்தால், நஷ்டம் தெரியவே கிட்டத்தட்ட 80 வயது ஆகிவிடும். கணக்கு சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம், வீட்டில் இருப்பவர். நீங்கள் போன பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ வருவது உங்கள் பென்ஷனில் பாதி. உங்கள் பென்ஷனில் விழுந்த வெட்டு அவருக்கும் இறங்கும். அவர் உங்களைவிடப் பல வருடம் இளையவர், சொந்த வருமானம் இல்லாதவர் என்றால், அவருடைய வயதையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 50லேயே எடுத்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஆயுளுக்கும் போய்விடும்.

வேலை போன பதற்றத்தில் முன்கூட்டியே பென்ஷன் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபடி வேலைக்குப் போக வாய்ப்பு இருந்தால் ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரையிலான உங்கள் பென்ஷன் சர்வீஸுக்கு பி.எஃப். அலுவலகம் தரும் சான்றிதழ்) வாங்கி வையுங்கள். பழைய சர்வீஸ் புது வேலையோடு சேர்ந்துகொள்ளும். வேறு வருமானமே இல்லை, கடன் வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையா? அப்போது தாராளமாக முன்பே எடுங்கள். வட்டி கட்டிக்கொண்டு 58க்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பென்ஷன் தானாக வராது, 10டி படிவம் கொடுக்க வேண்டும். 58 ஆவதற்குச் சில மாதங்கள் முன்பே பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் பி.எஃப். கணக்கில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திருத்தம் இருந்தால் அதை முடித்துவிட்டே படிவத்தைக் கொடுங்கள்.