காது மடலில் தொடங்குகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நிற வேற்றுமையை வளர்ப்பவை விளம்பரங்களா, வீடுகளா?" என்பது தலைப்பு. விளம்பரங்களே என்று எதிரணித் தோழர் சினத்தோடு பேசினார். அந்தச் சினம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் கைகாட்டிய திசை சரியில்லை. வீடுகளே என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? காது மடலைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இப்போது சிவந்திருக்கும் பிள்ளை நாளைக்கு எந்த நிறத்துக்கு வரும் என்று மடலில் தெரியுமாம். பேர் வைப்பதற்கு முன்பே தீர்ப்பு! அதற்கும் முன்னால், கருவுற்றவளுக்குக் குங்குமப்பூ கலந்த பால். இவற்றை எந்த நிறுவனம் நமக்குக் கற்றுக்கொடுத்தது?

வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள். "பெண் நல்ல நிறம்" என்றால் சிவப்பு. "நிறம் கொஞ்சம் மட்டு" என்றால் கறுப்பு. கறுப்பை ஒரு நிறமாகவே நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்று பாராட்டுகிறோம். அந்த "இருந்தாலும்" இருக்கிறதே, நடுவர் அவர்களே, அதை எத்தனை முறை கேட்டு வளர்ந்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர். மடியில் வைத்துச் சோறு ஊட்டியவர்கள். ஜவுளிக்கடையில் மாம்பழ மஞ்சளில் ஒரு பாவாடையை ஆசையோடு எடுத்தேன். "இது உனக்கு எடுக்காது" என்று வாங்கித் திரும்ப வைத்தவர் என் அம்மா. ஓட்டப் பந்தயப் பயிற்சிக்கு அனுப்பாதே, வெயிலில் இன்னும் கறுத்துவிடுவாள் என்றவர் என் பாட்டி. அண்ணனும் என் நிறம்தான். அவன் நாள் முழுதும் வெயிலில் கிரிக்கெட் ஆடினான், ஒருவரும் தடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஐந்து பவுன் கூட்டிப் போடச் சொன்னார்கள். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற வெளுப்புக் களிம்பை எதிரணியினர் கூண்டில் ஏற்றினார்கள். ஏற்றட்டும். கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் தம் நிறத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நான்கு வயதில் தம் தாயிடம், என்னைத் திரும்பவும் வயிற்றுக்குள் வைத்து, வெள்ளையாக, அழகாக வெளியே கொண்டுவர முடியுமா என்று கேட்டாராம். அடுத்த மாதமே 60 வயதில் ஓய்வு பெற்றவர் அவர். கணக்குப் பாருங்கள்: அவருக்கு நான்கு வயதானபோது அந்தக் களிம்பு கடைக்கு வரவில்லை, கேரளத்தில் தொலைக்காட்சியும் இல்லை. அந்தப் பிஞ்சுக்கு யார் சொன்னது?

2020-இல் களிம்பின் பேரிலிருந்து 'ஃபேர்' போனது. அதே ஆண்டு ஒரு பெரிய திருமண இணையதளம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. தரகரிடம் நாம் கேட்கும் கேள்வி மாறியதா? மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்த சிலர், பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளைப் பூசி வந்ததை மருத்துவர்கள் அண்மையில் கண்டறிந்தார்கள். பாதரசம் கருநிறமி உண்டாவதைத் தடுக்கும். உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உயிரைப் பணயம் வைத்தாவது வெளுக்க வேண்டும் என்ற ஏக்கத்தை முப்பது நொடி விளம்பரம் ஒன்று உண்டாக்கிவிடுமா?

இது நம் பழைய குணமும் அன்று. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிர் போன்ற கருமை படிந்த நிறம். தலைவன் பிரிந்தால் அதை அழிப்பது பசலை என்னும் வெளிறல். வெளுப்பதை நோயாகக் கண்ட மொழி இது.

சாரதா அவர்கள் இன்னொன்றும் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்த எண்ணத்தை மாற்றியவர்கள் அவருடைய பிள்ளைகள். அம்மாவின் கறுப்பில் அவர்கள் அழகைக் கண்டார்கள். அதுவும் வீட்டுக்குள் நடந்ததுதான், நடுவர் அவர்களே.

போன மாதம், என் அண்ணன் மகளின் காது மடலை நோக்கி ஓர் உறவினரின் கை நீண்டது. என் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "குழந்தை தூங்குகிறது" என்றார்.