மாட்டு மணியும் 408 வெற்றிகளும்: கோச் எடி ராபின்சன்

[திரையில்: பழைய விடுதி ஒன்றின் நீண்ட வராந்தா. தூரத்தில் மணிச் சத்தம்.]

காலை ஆறரை மணி. கல்லூரி விடுதி வராந்தாவில் ஒருவர் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே நடந்து வருகிறார். உள்ளே தூங்குகிறவர்கள் சாதாரணப் பையன்கள் இல்லை, ஆளுக்கு நூறு கிலோ தேறுகிற ஆட்டக்காரர்கள். ஆனாலும் அந்த மணி கேட்டால் எழுந்தே ஆக வேண்டும். முதலில் சாப்பாடு, அப்புறம் வகுப்பு. ஆட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மணி அடிப்பவர் விடுதிக் காப்பாளர் இல்லை, அந்தக் கல்லூரி அணியின் கோச். பெயர் எடி ராபின்சன். ஊர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கிராம்பிளிங். 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன் என்பது அவருடைய கணக்கு. இந்த எண்களை மட்டும் சொல்லிவிட்டு வீடியோவை முடித்துவிடலாம். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள அவை அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம்.

ஃபுட்பால் என்றதும் உங்களுக்கு மெஸ்ஸி நினைவுக்கு வந்தால், அது வேறு ஆட்டம். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.லுக்குப் போகும் வழியே கல்லூரி அணிதான். அதனால் கல்லூரி ஆட்டம் என்பது நம் ஊர் இன்டர்-காலேஜ் போட்டி மாதிரி இல்லை. ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம் வைத்திருக்கிற கல்லூரிகள்கூட உண்டு.

கிராம்பிளிங் அந்த ரகம் இல்லை. கறுப்பினத்தவருக்கான சின்னக் கல்லூரி.

[திரையில்: லூசியானா வரைபடம். ஜாக்சன், பேட்டன் ரூஜ், கிராம்பிளிங்.]

ராபின்சன் 1919-இல் லூசியானாவின் ஜாக்சனில் பிறந்தார். அப்பா விளைச்சலில் பங்குக்காக அடுத்தவர் நிலத்தை உழுதவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். வளர்ந்தது தலைநகர் பேட்டன் ரூஜில். அதே ஊரில்தான் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் கறுப்பினப் பையனுக்கு அங்கே இடம் கிடையாது. கறுப்பினத்தவருக்கான லீலண்ட் கல்லூரியில் படித்தார், அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடினார். படிப்பு முடிந்ததும் கிடைத்தது தீவன ஆலையில் வேலை. கூலி மணிக்கு 25 சென்ட்.

1941-இல் கிராம்பிளிங்கில் கோச் வேலை காலி என்று கேள்விப்பட்டார். கல்லூரித் தலைவர் ரால்ஃப் ஜோன்ஸ் இந்த 22 வயதுக்காரரை எடுத்துக்கொண்டார். மாதச் சம்பளம் 63.75 டாலர். அப்போது கல்லூரியின் பெயரே 'லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்'. நம் அணியை வாழ்த்தி முழுப் பெயரையும் கத்தி முடிப்பதற்குள் எதிரணி கோல் கோட்டைத் தாண்டிவிடும் என்று கேலி செய்வார்களாம். 1946-இல்தான் பெயர் கிராம்பிளிங் என்று சுருங்கியது.

கோச் என்றால் உதவியாளர்கள், மருத்துவர், மேலாளர் எல்லோரும் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். மைதானத்துப் புல்லை வெட்டியது அவர். சுண்ணாம்புக் கோடு போட்டது அவர். ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டது, ஆட்டம் முடிந்ததும் செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியது எல்லாம் அவர்தான். வெளியூர் போகும்போது சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவார்கள், அதைச் செய்ததும் அவரே. காசை மிச்சம் பிடிக்க என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கு மாநிலங்களில் வழியில் இருந்த உணவகங்கள் கறுப்பினத்தவருக்குச் சோறு போடாது.

இன்னொரு கதையும் உண்டு. அவரிடம் ஆடிய இரண்டு பையன்களை அப்பா பருத்தி பறிக்க வீட்டில் நிறுத்திவிட்டார். ராபின்சன் வாதாடவில்லை. மொத்த அணியையும் வயலுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தியைப் பறித்து முடித்தார், பையன்களைத் திரும்பக் கூட்டி வந்தார்.

முதல் வருடம் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மறு வருடம், 1942-இல், ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணிகள் எடுத்த புள்ளிகள் மொத்தம் பூஜ்யம். நம்ப முடியவில்லைதான், ஆனால் உண்மை.

[திரையில்: 1949, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ்.]

1949-இல் பால் 'டேங்க்' யங்கர் என்ற கிராம்பிளிங் ஆட்டக்காரரை ராம்ஸ் அணி அழைத்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அதுவரை யாரும் என்.எஃப்.எல்.லில் ஆடியதில்லை. ராபின்சன் அவரிடம் சொன்னதன் சாரம் இதுதான்: நீ தோற்று வந்தால், அவர்களில் சிறந்தவனையே எடுத்துப் பார்த்தோம், தேறவில்லை என்பார்கள். அதன் பிறகு நம் பையன்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. இருபது சொச்சம் வயதுப் பையன் தலையில் இப்படி ஒரு மூட்டையை ஏற்றலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. யங்கர் அதைச் சுமந்துகொண்டு பத்து வருடம் ஆடினார். பின்னாலேயே ராபின்சனின் மாணவர்கள் 200-க்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், பக் புக்கானன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வரும் தொழில்முறை ஆட்டத்தின் சிறந்தவர்களுக்கான புகழ்க்கூடம் வரை போனார்கள்.

ஆனால் ஒரு கதவு மட்டும் திறக்கவே இல்லை. அது குவார்ட்டர்பேக் இடம். அணியின் மூளை அவர்தான். எந்த ஆட்டம், பந்து யாருக்கு என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். கறுப்பினத்தவருக்கு அந்த அளவுக்கு யோசிக்க வராது என்ற நினைப்பு அன்றைக்குப் பரவலாக இருந்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஜொலித்தவனையும் தொழில்முறை அணிகள் வேறு இடத்துக்கு மாற்றிவிடும். ஓடு, பிடி, யோசிக்காதே.

ராபின்சன் இதைத் திட்டம் போட்டு உடைத்தார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற உயரமான பையனைத் தொழில்முறைக்கென்றே தயார் செய்தார். வேறு இடத்தில் ஆடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே என்பது பாடத்தின் ஒரு பகுதி. 1969-இல் பஃபலோ பில்ஸ் அணியின் அந்த சீசன் முதல் ஆட்டத்தில் ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அதே கிராம்பிளிங்கிலிருந்து அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31, சான் டியேகோ, என்.எஃப்.எல்.லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். டென்வர் அணி முதலில் 10 புள்ளி எடுத்து முன்னால் இருந்தது. இரண்டாம் கால் பகுதியில் மட்டும் வில்லியம்ஸின் வாஷிங்டன் அணி 35 புள்ளி குவித்தது. முடிவு 42-10. சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக், அன்றைய சிறந்த ஆட்டக்காரரும் அவரே. மைதானத்துக்கு வந்திருந்த கோச், தன் மாணவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

[திரையில்: 1985, டல்லாஸ். எண் 324.]

சாதனைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985 அக்டோபர் 5 அன்று ப்ரெய்ரி வியூ அணியை வென்று, அலபாமா பல்கலைக்கழகக் கோச்சாக இருந்த பேர் பிரையன்ட்டின் 323 வெற்றிகளைத் தாண்டினார். 1995-இல் 400. பிறகு மினசோட்டா மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் கோச் ஜான் கல்யார்டி அவரைத் தாண்டினார், பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் ஜோ பட்டர்னோ 409-இல் நின்றார். பட்டர்னோவின் 111 வெற்றிகள் 2012-இல் நீக்கப்பட்டன, 2015-இல் திரும்பக் கொடுக்கப்பட்டன. பட்டியல் இப்படித்தான் ஏறி இறங்கும்.

பிரையன்ட்டைத் தாண்டியபோது, சின்னக் கல்லூரிகளோடு ஆடி எடுத்த வெற்றிதானே என்று முனகியவர்கள் உண்டு. சரி, பெரிய கல்லூரிகளோடு ஆடவிடாமல் வைத்திருந்தது யார்? கிராம்பிளிங்கா?

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி வருகிறது. 1970-களில் தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கின. ராபின்சன் வாழ்நாள் முழுக்க விரும்பியது அதுதான். ஆனால் முன்பு கிராம்பிளிங்குக்கு வந்திருக்கக்கூடிய பையன்கள் இப்போது அலபாமாவுக்கும் பேட்டன் ரூஜுக்கும் போனார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது, கோச்சுக்குத் திறக்கவில்லை. அந்தப் பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைத் தலைமைக் கோச்சாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. 56 வருடம் ஒரே ஊர், ஒரே வேலை. தன் உண்மையான சாதனை ஒரே வேலை, ஒரே மனைவி என்று அவரே சொல்வார். மனைவி பெயர் டோரிஸ்.

கடைசி வருடங்கள் அழகாக இல்லை. 1996-இல் மூன்று வெற்றி, எட்டுத் தோல்வி. அவரை அனுப்பிவிடப் பேச்சு எழுந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் இன்னொரு வருடம் கொடுத்தார்கள். 1997-இலும் அதே மூன்று, அதே எட்டு. அடுத்த வருடம் அந்த இடத்துக்கு டக் வில்லியம்ஸ் வந்தார். ராபின்சனுக்கு அல்சைமர். ஆயிரக்கணக்கான பையன்களின் பெயரை நினைவில் வைத்திருந்த மனிதருக்கு அந்த நோய்.

[திரையில்: பேட்டன் ரூஜ், மாநிலச் சட்டமன்றக் கட்டடம்.]

2007 ஏப்ரல் 3 அன்று இறந்தார். உடலை மக்கள் பார்வைக்கு வைத்தது பேட்டன் ரூஜில், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள். மணிக்கு 25 சென்ட்டுக்குத் தீவன மூட்டை தூக்கிய அதே ஊர்.