641-இடம் மாட்டிக்கொண்ட எண்

வணக்கம். பின்னால் போர்டில் எழுதியிருப்பது தெரிகிறதா? 4294967297. யாருடைய போன் நம்பரும் இல்லை. 32 இரண்டுகளைப் பெருக்கி, வந்ததோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது: 3, 5, 17, 257, 65537. இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் வருபவை. ஐந்துமே பகா எண்கள். இனி வருவதும் எல்லாம் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கடிதத்தில் எழுதினார். ஆறாவதாக வருவதுதான் நம்ம ஆள். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

சரி, எப்படி உடைப்பது? கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால் 65536 வரை உள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்டவை 65, 129, 193, 257... இதில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641.

பேப்பரைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-க்கு மீதி 2. 449-க்கு 325, இதில் முதல் தடவை நான் தப்புப் போட்டேன், அந்த அடித்தல் அதுதான். 577-க்கு 288. அப்புறம் 641. மீதி பூஜ்யம்! ஐந்தே வகுத்தல், ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். இதே மாதிரி வடிகட்டும் வித்தை ஃபெர்மாவுக்கு அத்துப்படி. 2-இன் 37-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்து, அது 223-ஆல் வகுபடும் என்று கண்டுபிடித்தவரே அவர்தான். அதுவும் அதே 1640-இல்! அவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எங்கோ ஒரு கழித்தலில் சறுக்கியிருப்பார் என்பது என் ஊகம்.

காரணியே தேடாமலும் இந்த எண்ணின் குட்டை உடைக்கலாம். 65536-இன் வர்க்கத்தோடு 1-இன் வர்க்கத்தைக் கூட்டினால் இந்த எண். 62264-இன் வர்க்கத்தோடு 20449-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதவே முடியாது. கதை முடிந்தது.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த முதல் ஐந்தையும் பெருக்குங்கள்: 4294967295. நம் எண்ணுக்கு இரண்டே இரண்டு குறைவு. அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து வரையலாம் என்று நமக்குத் தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். வரைந்து காட்டுங்கள் என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள்.