பிரவுசரில் உள்ள எண்ணிக்கை சேர்வருக்கு எப்படிப் போகிறது?

[திரையில்: வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் ஓடர் பக்கம். இடியாப்பம் 10 என்பது 20 ஆகிறது.]

வணக்கம். கூட்டல் குறியை அழுத்தியதும் எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறி அதை வைத்திருக்கிறது. அந்த மாறியின் பெயரைப் பக்கத்திலேயே ஒரு பிஎச்பி வரியில் எழுதினால் மதிப்பு கிடைக்குமா? கிடைக்காது.

பிஎச்பி என்ற மொழி சேர்வரில், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியில் ஓடி, பக்கத்தை உருவாக்கி அனுப்பி, வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உங்கள் போனில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடத் தொடங்குகிறது. ஆகவே சேர்வருக்குப் புதிதாக ஒரு கோரிக்கை போயே ஆக வேண்டும்.

[திரையில்: முகவரிப் பட்டை]

எளிய வழி, முகவரியின் முடிவில் கேள்விக்குறி போட்டு மதிப்பை ஒட்டி அனுப்புவது. இதுதான் கெட். எண்ணுக்கு இது போதும். கறியின் பெயரையும் அனுப்பும்போதுதான் கவனம் தேவை. 'சம்பல்&சொதி' என்று அப்படியே ஒட்டினால், சேர்வருக்குச் சம்பல் மட்டும்தான் கிடைக்கும். & வந்தாலே அடுத்த மாறி தொடங்குகிறது என்று அது எடுத்துக்கொள்ளும்; சொதி தனியாகப் போய்விடும். என்கோட்யூஆர்ஐகொம்போனன்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வழியாக அனுப்பினால் அந்தக் குறி %26 ஆகிப் பத்திரமாகப் போகும். பிஎச்பி அதைத் தானாகவே பழையபடி மாற்றித் தரும்.

சரி, ஓடரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு போஸ்ட்: மதிப்பு முகவரியில் ஒட்டாமல் கோரிக்கையின் உள்ளே போகும்.

[திரையில்: ஃபெட்ச் வரி, கீழே வெறுமையான $_போஸ்ட்]

பலர் தடுமாறும் இடம் இது. கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான ஃபெட்ச் மூலம், தரவை ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்புகிறார்கள், போஸ்ட்டில் வந்ததை பிஎச்பி வைக்கும் பெட்டியான $_போஸ்ட்டில் தேடுகிறார்கள், ஒன்றும் இல்லை. தரவு தொலையவில்லை. படிவ வடிவத்தில் வருவதை மட்டும்தான் பிஎச்பி அந்தப் பெட்டியில் போடும். ஜேசன் என்றால், வந்த தரவு அப்படியே கிடைக்கும் பிஎச்பி இன்புட்டிலிருந்து நேரே வாசித்து, ஜேசன் டிகோட் கொடுத்துப் பிரிக்க வேண்டும். தரவைப் படிவ வடிவத்தில் அடுக்கும் ஃபோர்ம்டேட்டாவில் வைத்து அனுப்பினால் இந்தச் சிக்கலே இல்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், விலையைப் பிரவுசரிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள். அங்கே இருக்கும் எதையும் யாரும் மாற்றலாம். பொருளின் எண்ணும் எண்ணிக்கையும் மட்டும் வரட்டும். விலையை உங்கள் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். எண்ணிக்கை -20 என்று வந்தால் சேர்வர் மறுக்க வேண்டும்.

[திரையில்: எஃப்12 அழுத்தித் திறந்த பிரவுசர் கருவிகள், நெட்வொர்க் பகுதி]

இப்போது ஓடர் பொத்தானை அழுத்துகிறேன். புதிய கோரிக்கை ஒன்று வந்திருக்கிறது. அதைத் திறந்து பேலோடை, அதாவது அனுப்பிய தரவைப் பாருங்கள்: எண்ணிக்கை, 20.